டேலியாவைப் பற்றி மட்டும் அவள் சொல்லவில்லை

நவம்பர் 8

திலகவதி இன்று காலை கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள். மகள் நித்யா காரோடு வந்து கூட்டிக்கொண்டு போனாள். முதலில் டெஸ்ட் எல்லாம் எடுக்க வேண்டுமாம், அப்புறம்தான் எதுவும் சொல்ல முடியுமாம். வீட்டில் இப்போது நானும் அவள் செடிகளும்தான்.

இந்த டைரி உரக்கடையில் ஓசியில் கொடுத்தது. வருஷம் முடியப் போகிறது, ஒரு பக்கம்கூட யாரும் எழுதவில்லை. காரில் ஏறும்போது இதை என் கையில் திணித்தாள். "எந்தச் செடிக்கு என்ன பண்ணுனீங்கன்னு தெனமும் இதுல எழுதி வைங்க. பின்னால நான் பாக்கணும்" என்றாள். வாசல் படி இறங்கியதற்கே மூச்சு வாங்கியது. பேசி முடிக்கும் வரை கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

எழுதுவது எனக்குப் புதிது இல்லை. மின்வாரியத்தில் சேர்ந்ததிலிருந்து ரிட்டயர் ஆகும் வரை சப்-ஸ்டேஷனில் லாக் புத்தகம் எழுதியவன். செடிதான் புதிது. கல்யாணம் ஆனதிலிருந்து ஊட்டியில் இதே காந்தல் சரிவில்தான் குடியிருக்கிறோம். ஆனாலும் எது ஜெரேனியம், எது பெகோனியா என்று அவள் போன பிறகு பக்கத்து வீட்டு மும்தாஜைக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். மும்தாஜ் சிரித்தாள். சிரித்தால் சிரிக்கட்டும்.

"நீங்களும் வாங்கப்பா" என்றாள் நித்யா. பனி வரப் போகிற மாதம், செடிகளை யார் பார்ப்பது, ஒருவர் இருந்துதானே ஆக வேண்டும் என்றேன். திலகா கார்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள்.

செய்த வேலை: எல்லாவற்றுக்கும் தண்ணீர்.

நவம்பர் 9

எல்லாவற்றுக்கும் தண்ணீர் ஊற்றியது தப்பாம், திலகா போனில் சொன்னாள். பெகோனியாவுக்கு இலையில் படாமல் ஊற்ற வேண்டுமாம். ஜெரேனியத்துக்கு மண் காய்ந்த பிறகுதான் ஊற்ற வேண்டுமாம். முதல் நாளே சொல்லித் தொலைத்திருக்கலாம்.

நவம்பர் 11

சாயங்காலம் ஆறு மணிக்கு அவளே போன் செய்கிறாள். நான் லாக் படிப்பது மாதிரி ஒவ்வொரு செடியாகச் சொல்கிறேன். அவள் 'ம்' கொட்டுகிறாள். "கம்மல் செடி பூ உதிர்க்குதா?" என்று கேட்டாள். ஃபூஷியாவுக்கு அவள் வைத்த பேர் அது. தலைகீழாகத் தொங்கும், சிவப்பும் ஊதாவும். உதிர்க்கவில்லை என்றேன். "எடத்த மாத்தாதீங்க. எடம் மாத்துனா அதுக்குக் கோவம் வந்து எல்லாத்தையும் உதுத்துரும்" என்றாள்.

கடைசியில், "நீங்க எப்ப வர்றீங்க?" என்றாள். தொட்டியை எல்லாம் சுவர் ஓரமாக நகர்த்த வேண்டிய வேலை கிடக்கிறது என்றேன். அப்போதுதான் இடம் மாற்றக் கூடாது என்று சொன்னது ஞாபகம் வந்தது.

நவம்பர் 13

இருதயத்தில் ஒரு வால்வு பழுது. மாற்றத்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் உடனே இல்லை. வாயில் இரண்டு பல் கெட்டிருக்கிறதாம். அதிலிருந்து கிருமி ரத்தத்தில் கலந்து புது வால்வில் போய் உட்கார்ந்துகொள்ளுமாம். அதனால் முதலில் பல்லைப் பிடுங்கப் போகிறார்கள். நெஞ்சைச் சரி பண்ணச் சொல்லி அனுப்பினால் பல்லைப் பிடுங்குகிறவர்களை என்னவென்று சொல்வது.

"வந்து டாக்டர்கிட்ட நீங்களே ஒரு வார்த்த கேட்டுக்குங்கப்பா" என்றாள் நித்யா. டாக்டரிடம் நான் என்ன கேட்பது? அந்த ஆஸ்பத்திரி எனக்குத் தெரியும். என் அண்ணனை நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். வாசலில் பெரிய வேப்பமரம் நிற்கும். திரும்பும்போது அண்ணன் உடம்பு பின்னால் கிடக்க, ஆம்புலன்சில் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தேன். அது பழைய கதை, இங்கே எதற்கு.

ரோஜாவில் பூச்சி. சாம்பல் தூவினேன்.

நவம்பர் 15

இன்று அவள் பேச்சு வேறு மாதிரி இருந்தது. பல் பிடுங்கிய வாயோடு கொழகொழவென்று, "பெகோனியாத் தொட்டி நாலையும் மும்தாஜுக்குக் குடுத்துருங்க" என்றாள்.

ஏன் என்றேன்.

"அவ வீட்ல கண்ணாடி போட்ட வராண்டா இருக்கில்ல. பனி அண்டாது."

சரி, கொடுத்துவிடுகிறேன் என்றேன்.

கொடுக்கவில்லை. பெகோனியா இருந்த இடத்திலேயே இருக்கிறது. மொட்டு வைத்திருக்கிறது.

நவம்பர் 16

"குடுத்தீங்களா?"

"குடுத்தாச்சு."

"மும்தாஜ் என்ன சொன்னா?"

"சந்தோசம்னா."

இந்தப் பக்கத்தை அவள் வருவதற்கு முன் கிழித்துவிட வேண்டும்.

நவம்பர் 17

இப்போது ஜெரேனியம் எல்லாம் மேல் தெரு ஜெசிந்தா டீச்சருக்காம். வெள்ளை லில்லித் தொட்டிகள் மாதா சிலை இருக்கிற கெபிக்காம். கம்மல் செடி யாருக்கு என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறாளாம். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "வீட்டக் காலி பண்ணிட்டா போற?" என்று கத்திவிட்டேன். அவள் கத்தவில்லை. "குடுக்க வேண்டிய நேரத்துல குடுத்துரணுங்க. செடி வீணாப் போகக் கூடாது" என்றாள்.

அவள் மனசில் என்ன ஓடுகிறது என்று எனக்குத் தெரியாதா? திரும்பி வரமாட்டோம் என்று நினைக்கிறாள். அதனால்தான் ஒவ்வொன்றாகப் பங்கு வைக்கிறாள். நினைக்கட்டும். நான் ஒரு தொட்டியைக்கூட அசைக்கப் போவதில்லை. அவள் வந்து இறங்கும்போது எல்லாம் அப்படி அப்படியே இருக்க வேண்டும். 'குடுக்கலையா?' என்று என்னைத் திட்ட வேண்டும்.

ஒன்று கவனித்தேன். டேலியாவைப் பற்றி மட்டும் அவள் சொல்லவில்லை. மதில் ஓரம் தோள் உயரத்துக்கு நிற்கிறது. கறுஞ்சிவப்பு, ஒவ்வொரு பூவும் சாப்பாட்டுத் தட்டு அகலம். அவள் கல்யாணமாகி வந்த வருஷம் நட்ட கிழங்கின் வம்சம். அதை யாருக்கும் கொடுக்கச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அதை மட்டும் வைத்துக்கொள்கிறாள் என்றால், வருவதாக இருக்கிறாள் என்றுதானே அர்த்தம்?

டேலியா நன்றாக இருக்கும் வரை அவளுக்கும் ஒன்றும் ஆகாது. இதை எல்லாம் எழுதக் கூடாது. எழுதிவிட்டேன்.

நவம்பர் 19

நீர்ப்பனி ஆரம்பித்துவிட்டது. காலையில் புல் எல்லாம் நனைந்து கிடந்தது. இது ஒன்றும் செய்யாது. அடுத்து வருவதுதான் உறைபனி. அது விழுந்தால் காலையில் உப்புக் கொட்டினது மாதிரி வெள்ளையாகக் கிடக்கும். வெயில் பட்டதும் இலை எல்லாம் வெந்து கறுத்துவிடும். காந்தல் பள்ளத்தில் அது மற்ற இடங்களை முந்திக்கொண்டு வரும்.

மும்தாஜ் வீட்டுக்காரர் காசிம், சரக்கு ஆட்டோ ஓட்டுகிறவர், ஒரு கட்டு கோத்தகிரி மிலார் கொண்டுவந்து போட்டார். ஊட்டியில் செடிகளுக்குப் பனி மூடாக்கு என்றால் அந்தப் புதர்தான். வெட்டிவந்து செடிக்கு மேலே கூடாரமாகச் சாய்த்து வைப்பார்கள்.

நன்றி சொல்லி வாங்கி வைத்துக்கொண்டேன். ஆனால் எனக்கு வேறு யோசனை. செடிக்குப் பிரச்சினை குளிர். குளிருக்கு மருந்து சூடு. சூட்டுக்கு ஒரு குண்டு பல்பு போதும். ஆயுசு முழுக்க கரண்ட்டோடு குடித்தனம் நடத்தியவனுக்குப் புதர் எதற்கு?

நவம்பர் 20

ஒயர் இழுத்து, தொட்டிக்கு ஒரு ஹோல்டர் வைத்து, குண்டு பல்பு மாட்டி, மேலே பிளாஸ்டிக் ஷீட்டைப் போர்த்திக் கட்டினேன். நல்ல வேலை. சாயங்காலம் சுவிட்சைப் போட்டதும் தோட்டமே கல்யாண வீடு மாதிரி இருந்தது. மும்தாஜ் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தாள்.

"இது எல்லாம் என்னங்கண்ணா?"

"ஹீட்டிங் ஏற்பாடு."

"அக்காகிட்டக் கேட்டீங்களா?"

கேட்கவில்லை. அவளிடம் கேட்டால், யாருக்கோ கொடுத்துவிட்ட செடிக்கு எதற்கு ஹீட்டிங் என்பாள்.

நவம்பர் 21

மற்றதெல்லாம் தப்பித்தது, பெகோனியா நாலும் போய்விட்டது. பல்பு பட்ட பக்கம் வெந்து தொங்குகிறது. மற்ற பக்கம் பிளாஸ்டிக் ஒட்டி அழுகின மாதிரி ஆகிவிட்டது. பனி இன்னும் வரவே இல்லை. அதற்கு முன்னால் நானே கருக்கிவிட்டேன். இரண்டு தொட்டியில் மட்டும் அடியில் கொஞ்சம் பச்சை தெரிகிறது.

ஆறு மணிக்குப் போன். "மும்தாஜ் வீட்ல பெகோனியா பூத்துருச்சா?" என்றாள். பூத்துவிட்டது என்றேன். நல்ல நிறமா என்றாள். நல்ல நிறம் என்றேன்.

நவம்பர் 22

மேகம். பனி வராது. நல்லது.

நவம்பர் 24

நித்யா போனில் அழுதாள். பல் புண் ஆறிவிட்டது, ரத்தத்தில் கிருமி இல்லை, ஆபரேஷனுக்குத் தேதி சொல்லப் போகிறார்கள். அதற்கு அழவில்லை. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தாலும் அம்மாவுக்கு இனிமேல் மலைக் குளிர் ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். "நான் முன்னாடியே சொல்லணும்னு பாத்தேன்ப்பா. அம்மாவுக்குக் கெளம்புன அன்னைக்கே தெரியும். அம்மா இனிமே அங்க…" என்று ஆரம்பித்தாள். என் போனில் சார்ஜ் இல்லை. கட் ஆகிவிட்டது.

பின்பக்கக் குழாயில் ஒழுகுகிறது. வாஷர் மாற்றினேன். மாற்றியும் ஒழுகுகிறது. திருப்பிக் கழற்றி மாட்டினேன். சாயங்காலம் வரை அதே வேலை.

போனுக்கு சார்ஜ் இருந்தது.

நவம்பர் 26

டிசம்பர் 2 காலையில் ஆபரேஷன்.

வங்காள விரிகுடாவில் புயல் சின்னமாம். டி.வி.யில் மீனவர்கள் கடலுக்குப் போக வேண்டாம் என்கிறான். ஊரே பயப்படுகிறது. எனக்கு மட்டும் நிம்மதி. புயல் இருந்தால் மேகம் இருக்கும், மேகம் இருந்தால் உறைபனி விழாது. பாவம்தான், ஆனாலும் அது கரையைக் கடக்காமல் அங்கேயே கிடக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

பல்புகளைக் கழற்றவில்லை. சுவிட்ச் மட்டும் போடுவதில்லை.

நவம்பர் 28

மும்தாஜ் மதியம் பிரியாணி கொண்டுவந்தாள். வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தப் போனேன். அவள் போகவில்லை.

"அண்ணா, ஒண்ணு சொல்லட்டுமா? கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லு."

"அக்கா தெனமும் என்கிட்டயும் பேசுது. பெகோனியா என் வீட்டுக்கு வரலன்னு அதுக்குத் தெரியும். ஜெசிந்தா டீச்சர்கிட்டயும் பேசுது. எதையும் நீங்க குடுக்கலன்னு மொதல் நாள்ல இருந்தே தெரியும்."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அப்படித் தெரிந்தும் ஏன் தினமும் என்னிடம் கேட்கிறாள், நக்கலா என்றேன்.

"நக்கல் இல்லைண்ணா. செடி இருக்குற வரைக்கும் நீங்க எறங்கி வர மாட்டீங்கன்னு அக்காவுக்குத் தெரியும். 'நான் எல்லாத்தையும் குடுத்துட்டா அவருக்கு அங்க என்ன வேலை, வந்துதானே ஆகணும்'னு சொல்லுச்சு. அது செடிய ஒண்ணும் பங்கு வைக்கல. உங்களக் கூப்பிடுது."

பிரியாணி ஆறிப் போகிறது, நான் சாப்பிட வேண்டும் என்று சொல்லி அவளை அனுப்பிவிட்டேன்.

சாப்பிடவில்லை.

நவம்பர் 29

இரண்டு பேரும் சேர்ந்துகொண்டு என் முதுகுக்குப் பின்னால் பேசியிருக்கிறார்கள். எனக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்துக்கொண்டு. நான் என்ன, வர மாட்டேன் என்றா சொன்னேன்? செடிகளை யாராவது பார்க்க வேண்டும் என்றுதானே சொன்னேன்? ஆபரேஷன் முடிந்த பிறகு போய்ப் பார்த்தால் ஆகாதா? முன்னாலேயே போய் நின்று நான் என்ன கத்தியா பிடிக்கப் போகிறேன்?

ஆறு மணிக்குப் போன் அடித்தது. எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. எடுக்கவில்லை.

நவம்பர் 30

இன்று எடுத்தேன். செடியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"சாப்டீங்களா?"

"சாப்டேன்."

"குளிருதா அங்க?"

"மேகமா இருக்கு."

அப்புறம் சொன்னாள்: "நாளன்னிக்கு ஆபரேசனுக்குத் தள்ளிட்டுப் போறப்ப, ஒரு கதவு இருக்குங்க. அது வரைக்கும் வீட்டாளு ஒருத்தர் கூட வரலாமாம். அதுக்கு மேல விட மாட்டாங்களாம். நித்யா வரேன்னிருக்கா. அவ வந்தாப் போதும், நீங்க சிரமப்படாதீங்க."

'அவ வந்தாப் போதும்' என்று சொன்னவள் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. யார் வைத்தது என்று ஞாபகம் இல்லை.

பயமாக இருக்கிறது. எழுதியாகிவிட்டது. எனக்குப் பயமாக இருக்கிறது.

டிசம்பர் 1

பஸ்ஸில் உட்கார்ந்து எழுதுகிறேன். கொண்டை ஊசி வளைவில் கை ஆடுகிறது. எழுத்து கோழி கிளறினது மாதிரிதான் இருக்கும்.

காலையில் எழுந்து வெளியே வந்தால் புயலும் இல்லை, மேகமும் இல்லை. கழுவித் துடைத்த மாதிரி வானம். மத்தியானம் வரை ஒரு இலைகூட அசையவில்லை. வெயில் சுள்ளென்று அடித்தது, நிழலில் நின்றால் எலும்பு குளிர்ந்தது. காந்தலில் இருக்கிறவனுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டாம். இன்று ராத்திரி விழப் போகிறது.

மிலார் கட்டை அவிழ்த்தேன். முதல் கிளையை டேலியா மேல் சாய்த்து வைத்தேன். எல்லாவற்றையும் ஒழுங்காக மூட வேண்டுமானால் பொழுது சாய்ந்துவிடும். பொழுது சாய்ந்தால் பஸ்ஸில் போய்ச் சேர்வதற்குள் நடுச்சாமம். அப்புறம் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றும். காலையில் மறுபடி ஏதாவது குழாய் ஒழுகும். என்னை எனக்குத் தெரியாதா?

கையிலிருந்த கிளையைக் கீழே போட்டேன். வேலிப் பக்கம் போய் மும்தாஜைக் கூப்பிட்டேன். "காசிம் வீட்டுல இருக்காரா? ஆட்டோ வேணும்" என்றேன். அவள் ஒரு கேள்வி கேட்கவில்லை. சேலையைச் செருகிக்கொண்டு வந்துவிட்டாள்.

ஒயர்களை அறுத்தேன். ஷீட்டை உரித்தேன். இத்தனை நாள் ஒரு தொட்டியையும் சரியாகப் பார்க்காதவன், ஒவ்வொன்றையும் தூக்கும்போது பார்த்தேன். ஜெரேனியம் உரசிய இடமெல்லாம் சட்டையில் அந்த வாசனை ஒட்டிக்கொண்டது. அது திலகாவின் புடவை வாசனை என்றுதான் இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். அதை ஆட்டோவில் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கையை எடுக்கவில்லை. "போயிட்டு வா" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். காசிம் என்னைப் பார்த்துவிட்டு வண்டிச் சாவியைத் தேடுகிற மாதிரி திரும்பிக்கொண்டார்.

வெள்ளை லில்லிகள் கெபிக்குப் போயின. கெபியில் அவற்றை நானே இறக்கி வைத்தேன். ஜெசிந்தா டீச்சர் ஜெரேனியத் தொட்டிகளை எண்ணி வாங்காமல் என் முகத்தையே பார்த்தார். "திலகவதிகிட்டச் சொல்லுங்க, ஜெபம் பண்ணிக்கிட்டிருக்கேன்னு" என்றார். சரி என்றேன். இன்று சொன்ன 'சரி' பொய் இல்லை.

மிஞ்சின இரண்டு பெகோனியாத் தொட்டியை மும்தாஜ் தானே தூக்கிக்கொண்டாள். வெந்த தண்டைத் தடவிப் பார்த்தாள். "இதுக்கு உசிரு இருக்குண்ணா" என்றாள். அதன் முன்னால் நிற்க எனக்கு வெட்கமாக இருந்தது. மன்னிப்புக் கேட்க வேண்டும் போல இருந்தது. செடியிடம் எப்படிக் கேட்பது என்று தெரியாமல் விட்டுவிட்டேன்.

டேலியாவை எங்கேயும் தூக்க முடியாது. மண்ணோடு மண்ணாக நிற்கிறது. திலகா தினமும் காலையில் வாடின பூவைக் கிள்ளிப் போடுவாள். நான் பார்த்திருக்கிறேன், செய்ததில்லை. இன்று செய்தேன். புதிதாக விரிந்தது ஏழெட்டு இருந்தது. இன்று ராத்திரி உங்களுக்கு என்ன ஆகப் போகிறது என்று எனக்குத் தெரியும், நான் இருக்க மாட்டேன் என்று சொன்னேன். இதை மட்டும் அவள் வைத்துக்கொண்டாள். இதை மட்டும் நான் விட்டுவிட்டுப் போகிறேன்.

"டேலியா, அண்ணா?" என்றாள் மும்தாஜ், வீட்டுச் சாவியை வாங்கும்போது.

"விடும்மா. பஸ் போயிரும்."

கம்மல் செடித் தொட்டி மட்டும் என் மடியில் இருக்கிறது. யாருக்கு என்று அவள் இன்னும் சொல்லவில்லையே. பர்லியாறு தாண்டும்போதே புழுக்கம் ஆரம்பித்துவிட்டது. ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு பூ உதிர்க்கிறது. இடம் மாற்றினால் கோபம் வரும் என்று அவள் சொன்னாள்தான். பக்கத்து சீட்டுக்காரர் வேட்டி எல்லாம் பூ.

டிசம்பர் 2, காலை

நேற்று வந்து சேர்ந்தபோது பார்வையாளர் நேரம் முடிந்துவிட்டது. நித்யா வீட்டில் படுத்தேன். அம்மாவிடம் சொல்லாதே என்றேன். அவள் சொல்லவில்லை.

வேப்பமரம் இன்னும் அங்கேயே நிற்கிறது. அதைத் தாண்டும்போது நின்றுவிட்டேன். நித்யா என் கையைப் பிடித்துக்கொண்டாள். வாசலில் வாட்ச்மேன் தொட்டியை விடவில்லை. மண், செடி எதுவும் உள்ளே போகக் கூடாதாம். எதிரே டீக்கடைக்காரரிடம் கொடுத்தேன். "பாத்துக்குங்க, இது கொஞ்சம் கோவக்காரச் செடி" என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

பச்சை உடுப்பில், கட்டிலில் படுக்க வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். இத்தனை சின்ன உருவமா அவள்? என்னைப் பார்த்ததும் நித்யாவைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள். நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தேன். என்ன பேசுவது என்று தெரியாமல், "ஜெரேனியம் டீச்சர்கிட்டக் குடுத்தாச்சு. லில்லி கெபில இருக்கு" என்றேன்.

"சரி."

"பெகோனியா ரெண்டுதான் மிச்சம். நான்தான் பல்பு போட்டுக் கருக்கிட்டேன்."

"தெரியும்."

"டீச்சர் ஜெபம் பண்ணுறாங்களாம்."

"டேலியா?"

அந்தக் கதவு வந்துவிட்டது. கட்டில் ஒரு நிமிஷம் நின்றது.

"மூடலை. நேத்து வானம் நல்லாத் தெளிஞ்சிருச்சு. விட்டுட்டு வந்துட்டேன்."

சிரித்தாள். பல் போன இடம் தெரிந்தது. என் விரலைப் பிடித்தாள், கை ஐஸ்.

"அப்ப நெசமாவே வந்துட்டீங்க" என்றாள்.

கதவு மூடிக்கொண்டது.

டிசம்பர் 2, இன்னும் காலை

மும்தாஜ் போன் செய்தாள். விழுந்துவிட்டதாம். கூரை, புல், காசிமின் ஆட்டோ எல்லாம் வெள்ளையாம். வெயில் வருவதற்கு முன்னால் பனியைக் கரைக்கத் தண்ணீர் அடிக்கப் பார்த்தார்களாம், குழாயிலேயே தண்ணீர் உறைந்துபோயிருந்ததாம். "டேலியா மொத்தமாக் கறுத்துருச்சுண்ணா. வெந்நி ஊத்துன மாதிரி தொங்குது" என்றாள்.

நித்யாவிடம் சொல்லவில்லை. இந்த டைரியில் நவம்பர் பதினேழாம் தேதி டேலியாவோடு அவளை முடிச்சுப் போட்டு நான் எழுதியிருப்பது எனக்கு மட்டும்தான் தெரியும். அந்தப் பக்கத்தைத் திருப்பிப் படித்தேன். அதைக் கிழித்து, மடித்து, சட்டைப் பையில் வைத்தேன். அப்புறம் எடுத்து மறுபடி உள்ளே சொருகினேன். கிழித்தால் மட்டும் என்ன ஆகிவிடப் போகிறது?

வராண்டாவில் எல்லோரும் அந்தக் கதவைத்தான் பார்க்கிறார்கள். கதவு திறக்கும்போதெல்லாம் எல்லோரும் எழுந்து நிற்கிறோம். யாரோ ஒருவர் பேரைச் சொல்கிறார்கள். மற்றவர்கள் உட்கார்ந்துகொள்கிறோம்.

டிசம்பர் 2

திலகவதி வீட்டுக்காரர் யார் என்று கேட்டார்கள். நான் எழுந்தேன், நித்யா பிடித்துக்கொண்டாள். வால்வு பொருத்தியாகிவிட்டது. இன்னும் கண் திறக்கவில்லை. நாளை வரை எதுவும் சொல்ல முடியாது.

டிசம்பர் 3

கண் திறந்தாள். வாயில் குழாய். கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தேன்.

டிசம்பர் 4

குழாயை எடுத்துவிட்டார்கள். ஒருவர் மட்டும் கொஞ்ச நேரம் போகலாம் என்றார்கள். நித்யா என்னைத் தள்ளிவிட்டாள்.

குரல் வரவில்லை, காற்றுதான் வந்தது. குனிந்து காதைக் கொடுத்தேன். வலிக்கிறதா என்று கேட்க நினைத்தேன். அதற்குள் அவளே கேட்டாள்: "கருகிருச்சா?"

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். நினைத்தது உண்மை. ஆனால் சொன்னேன்: "மொத்தமும் கறுத்துருச்சு திலகா. ஒண்ணுகூட மிஞ்சல."

"நல்லது."

எனக்குப் புரியவில்லை. மருந்து மயக்கத்தில் பேசுகிறாளோ என்று நர்ஸைப் பார்த்தேன்.

"மேல கருகுனாத்தாங்க கெழங்கு எடுக்கணும். அதுக்கு முன்னாடி எடுத்தா முத்தியிருக்காது, அழுகிரும்" என்றாள். நடுவில் இரண்டு தடவை நிறுத்தி மூச்சு விட்டாள். "அதுக்குத்தான் பனி விழட்டும்னு பாத்துட்டிருந்தேன். தண்ட வெட்டிட்டு, தோண்டி எடுத்து, காய வச்சு… மும்தாஜ் வச்சுக்கட்டும். மாசிக்கு மேல நடச் சொல்லுங்க."

ஆக, டேலியாவை அவள் தனக்கென்று வைத்துக்கொள்ளவில்லை. அதற்கு நேரம் வரவில்லை, அவ்வளவுதான். நான் இத்தனை நாள் எதைப் பிடித்துக்கொண்டு தொங்கினேனோ, அதையும் அவள் முதல் நாளே கொடுத்து முடித்திருக்கிறாள். காந்தல் வீடு, மதில், படி எல்லாவற்றையும். அன்று கார்க் கண்ணாடியை ஏற்றியபோதே அவளுக்குத் தெரியும்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் கை கட்டிலுக்கு வெளியே வந்து என் சட்டை நுனியைப் பிடித்தது.

"கம்மல் செடி?"

"கொண்டாந்துட்டேன். டீக்கடையில இருக்கு. பூவெல்லாம் போச்சு."

"இந்த வெயிலுக்கு அது எப்படிங்க தாங்கும்?"

"தாங்காது."

"தெரிஞ்சுமா தூக்கிட்டு வந்தீங்க?"

அவள் கையின் மேல் என் கையை வைத்தேன். அப்புறம், "கெழங்க மும்தாஜுக்குக் குடுத்துருவீங்கல்ல?" என்றாள்.

"குடுத்துருவேன்."

"இந்தத் தடவையாவது?"

நர்ஸ் நேரமாகிவிட்டது என்றாள். ஒரு நிமிஷம் என்று கெஞ்சினேன். போனை எடுத்து, மும்தாஜுக்குப் போட்டு, சத்தத்தை ஏற்றி, திலகாவின் காதுக்கும் என் வாய்க்கும் நடுவில் பிடித்துக்கொண்டு, டேலியாக் கிழங்கைத் தோண்டி நீயே வைத்துக்கொள் என்று சொன்னேன். மும்தாஜ் அந்தப் பக்கம் மண்வெட்டியைத் தேடப் போனது எங்கள் இரண்டு பேருக்கும் கேட்டது.